உப்புப் பட்ட வெள்ளரிப்பிஞ்சு

உன் அண்ணன் இன்று நம் பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தார். உங்கள் தோட்டத்தில் காய்த்தது என்று ஒரு கூடை வெள்ளரிப்பிஞ்சை என் மேசைமேல் வைத்தார். எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. பின்னால் அவருடைய மகள் நின்றிருந்தாள், அதனால் அடக்கிக்கொண்டேன். மாலையில் ஒரு பிஞ்சை அரிந்து உப்புத் தூவினேன். கொஞ்ச நேரத்தில் தட்டில் நீர் கோத்து நின்றது. எனக்குத் தின்ன மனமில்லை. தட்டை எதிரில் வைத்துக்கொண்டு உனக்கு எழுதுகிறேன், கண்ணு.

இதைத்தானே நீ முதல் பாடமாகச் செய்துகாட்டுவாய்? பக்கத்து அறையில் கணக்குச் சொல்லிக்கொடுத்த நான், பிள்ளைகளிடம் ஒரு பெருக்கலைக் கொடுத்துவிட்டு உன் வகுப்பு வாசலில் வந்து நிற்பேன். "உப்பு உள்ள போகல பாருங்க, தண்ணிதான் வெளிய வருது" என்பாய். அடுத்தது பீட்ரூட். அரிந்த துண்டுகளை நன்றாக அலசச் சொல்வாய். கத்தி பட்ட செல் செத்த செல், அதன் சாயம் கணக்கில் வராது என்பாய். பச்சைத் துண்டு கிடக்கும் தம்ளரில் தண்ணீர் தெளிவாகவே இருக்கும். வெந்த துண்டு கிடக்கும் தம்ளர் சிவந்துவிடும். "உசுரு இருக்கற வரைக்கும் எதை விடறது, எதை நிறுத்தறதுன்னு செல்லைச் சுத்தியிருக்கற சவ்வு பாத்துக்கும். செத்துப்போச்சுன்னா எல்லாத்தையும் விட்டுப்போடும்."

அந்தச் சவ்வை யாராவது கண்ணால் பார்த்திருக்கிறார்களா என்று ஒருநாள் உன்னை மடக்கினேன். நீ அசரவில்லை. "இப்ப இருக்கற மைக்ராஸ்கோப்புலயும் தெரியாதுங்க அக்கா. எண்ணெய்ப் படலமாட்டம் அத்தனை மெல்லிசுங்கறாங்க. தடுக்குதுல்லீங்க, அதை வெச்சுத் தெரிஞ்சுக்க வேண்டியதுதான்."

தெரிந்துகொண்டேன். உன் வீட்டு வாசலில் தெரிந்துகொண்டேன்.

கோடை விடுமுறைக்குச் சோமனூர்ப் பக்கம் உன் ஊருக்குப் போனாய். அங்கே காலரா வந்தது. உனக்கு வாந்திபேதி என்று தகவல் கிடைத்ததும் வாடகைக் கார் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தேன். உன்னைக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் நரம்பில் உப்புத் தண்ணீர் ஏற்றுவார்கள். வெறும் தண்ணீரை ஏற்றினால் இரத்தத்திலுள்ள செல்கள் ஊதி வெடித்துவிடும், அளவாக உப்புச் சேர்த்தால் அப்படியே நிற்கும் என்று எனக்குச் சொன்னவளே நீதான்.

"வாங்க டீச்சர், வெயில்ல வந்திருக்கறீங்க, மோர் குடிங்க" என்றார் உன் அண்ணன். தம்ளர் நிறைய மோர் வந்தது. உள்ளேயிருந்து உன் குரல் கேட்டது. தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தாய்.

"அவளுக்கு ஏன் கொடுக்கவில்லை?" என்றேன்.

"பேதியாகற புள்ளைக்குத் தண்ணி குடுத்தா அதுவும் சேந்து போயிருமுங்க. யாரும் குடுக்கறதில்லீங்க."

போகிற தண்ணீரை ஈடுகட்டத்தான் கொடுக்க வேண்டும், ஆஸ்பத்திரியில் உப்புத் தண்ணீர் ஏற்றுவார்கள், கார் நிற்கிறது என்று கத்தினேன். அவர் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "அந்தப் புள்ளையும் காத்தால புடிச்சு அதையேதானுங்க பொலம்புது. அளவா உப்பு, நரம்பு, செல்லுன்னு. சன்னி கண்டுபோச்சுங்க."

நீ பாடம் நடத்திக்கொண்டிருந்தாய். அவர்கள் அதைச் சன்னி என்றார்கள்.

கையிலிருந்த மோரோடு உன் அறைக்கு ஓடினேன். உன் சொந்தக்காரப் பெண்கள் நிலைப்படியில் என் கைகளைப் பிடித்துக்கொண்டார்கள். "வேண்டாம் அம்மணி, உங்களுக்கும் தொத்திக்குமுங்க." எத்தனை கரிசனம்! மோர் தரையில் கொட்டியது. பொழுது சாய்வதற்குள் நீ போய்விட்டாய். கார் காலியாகத் திரும்பியது.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை, அறியாமல் செய்தார்கள் என்று எல்லோரும் எனக்குச் சொல்லியாயிற்று. கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அறிந்தவள் அந்த வீட்டுக்குள்ளேயே படுத்துக்கொண்டு தொண்டை வறளச் சொன்னாளே, அவளை யார் கேட்டார்கள்?

உன்மேலும் எனக்குக் கோபம்தான். வகுப்பில் வாய் ஓயாமல் பேசியவள், வீட்டில் ஒருநாளாவது இதைச் சொன்னாயா? "எங்கூட்ல சொன்னாச் சிரிப்பாங்க அக்கா" என்பாய். சிரித்துவிட்டுப் போகட்டுமே! சிரிப்புக்குப் பயந்து நீ வீட்டில் அரியாமல் விட்ட அந்த ஒரு பீட்ரூட்டை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

மகளைப் பள்ளியில் சேர்க்கத்தான் உன் அண்ணன் வந்தார். உன்னைப்போலவே படிக்க வேண்டுமாம். சேர்த்துக்கொண்டேன். உன் பாடத்தை இப்போது நான்தான் நடத்துகிறேன். இந்தப் பிள்ளைக்கு மட்டும் தம்ளர்களை வீட்டுக்கே கொடுத்தனுப்பப்போகிறேன். அவள் அப்பன் எதிரிலேயே செய்துகாட்டட்டும்.

புறப்படும்போது அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "ஒரு வாய் தண்ணி குடுங்க டீச்சர்" என்றார். சொம்பை எடுத்த என் கை அப்படியே நின்றது. எது தடுத்ததோ, கண்ணுக்குத் தெரியவில்லை. அந்தப் பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொடுத்தேன். மன்னித்துக் கொடுக்கவில்லை. அவர் அண்ணாந்து முழுவதையும் குடித்துவிட்டு இன்னொரு சொம்பு கேட்டார். அதையும் மொண்டு கொடுத்தேன். கேட்டவருக்குத் தண்ணீர் கொடுப்பது இவ்வளவுதான், கண்ணு. இவ்வளவேதான்.