நீ வெட்டாமல் விட்ட ஞாயிற்றுக்கிழமை

உனக்கு,

நேற்று தேக்கா கடைத்தெருவில் ஒரு இயர்போன் வாங்கினேன். பழையதில் ஒரு பக்கம் போய்விட்டது. என் கையில் இருந்த சின்ன எம்பி3 பிளேயரைப் பார்த்துக் கடைக்காரர் சிரித்துவிட்டார். "இன்னும் இதை வச்சிருக்கீங்களா அண்ணே? ஃபோன்லயே கேக்கலாம் லா!" ஜூரோங்கில் எங்கள் தொழிற்சாலைக்குள் கேமரா ஃபோன் கொண்டுபோகக் கூடாது, வாசலிலேயே லாக்கரில் பூட்டிவிட வேண்டும் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. அதைச் சொன்னால் உன்னைப் பற்றியும் சொல்ல வேண்டிவரும். கடையில் நின்று அழுதுவிடுவேனோ என்று பயம்.

எனக்கு ஞாயிறு ஷிப்ட் போட்டபோது என்னைவிட நீதான் அதிகம் வருத்தப்பட்டாய். சர்ச்சில் தமிழ்ப் பூசை போய்விட்டதே என்று. "நீங்க கோயிலுக்கு வரலன்னா என்ன, பாட்டை நான் கொண்டாந்து தர்றேன்" என்றாய். முன் வரிசையில் உட்கார்ந்து பாடற்குழுவை ஃபோனில் வீடியோ எடுத்தாய். வீட்டுக்கு வந்ததும் அப்படியே பிளேயரில் ஏற்றினாய். அது பாடவில்லை. வீடியோ அதற்கு ஆகாது. நீ விடுவாயா? கோப்பின் பெயரில் எம்பி4 என்று இருந்ததை அழித்து எம்பி3 என்று எழுதி, "முடிஞ்சிச்சு, கேளுங்க" என்று பெருமையாக நீட்டினாய்.

"பேரை மாத்திட்டா போதுமா? உனக்கு நர்ஸுன்னு பேர் வச்சா ஊசி போட்டுருவியா?" என்று கேலி செய்தேன். மூன்று நாள் நீ முகம் கொடுத்துப் பேசவில்லை. நான்காம் நாள், வீடியோவிலிருந்து ஒலியை மட்டும் பிரித்தெடுக்கும் மென்பொருளை நீயே தேடிப் பிடித்திருந்தாய். எப்படிக் கற்றுக்கொண்டாய் என்று ஒரு வார்த்தை கேட்டேனா? இல்லை.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனில் உட்கார்ந்து கேட்டேன். பாட்டுக்கு நடுவே நீ கிசுகிசுத்தாய். "ஏங்க, ஓரத்துல நிக்கிறவங்க சேலை நல்லா இருக்குல்ல?" சேலையை நான் எங்கே பார்ப்பது? படத்தைத்தான் நீ கழற்றிப் போட்டுவிட்டாயே! அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் வாய் சும்மா இருக்கவில்லை. "பாட்டைக் கேக்க விடு தாயே. உன் தொணதொணப்பை வெட்டிட்டுக் குடு."

நீ சிரித்தாய் என்றுதான் நினைத்தேன். அடுத்த வாரத்திலிருந்து பாட்டு மட்டும் வந்தது. முதல் பாட்டில் இருந்த அந்தச் சேலைப் பேச்சைக்கூட வெட்டிவிட்டாய். "இப்ப நல்லா இருக்கு" என்று வேறு சொன்னேன்.

நீ போன பிறகுதான் உறைத்தது. உன் குரலைக் கேட்க வேண்டும்போல் இருந்தது. மார்சிலிங்கில் நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் நானும் மகளும் துருவித் துருவித் தேடினோம். இடம் போதவில்லை என்று வீடியோக்களை நீயே அவ்வப்போது அழித்திருக்கிறாய். உன் ஃபோனிலும் இல்லை. நாலு வருஷத்துப் பாட்டு இருக்கிறது, நீ பேசிய ஒரு சொல் இல்லை. வெட்டச் சொன்னவன் நான். பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லிப் பார்த்தேன். "இது பாவமில்லப்பா" என்றார் ஃபாதர். எனக்கு ஆறவே இல்லை.

இன்று காலை கம்பெனி பஸ்ஸில், பிளேயரில் மட்டுமே இருந்த, நீ கடைசியாக ஏற்றிய பாட்டைப் போட்டேன். ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்திய ஞாயிறு எடுத்தது. இத்தனை மாதம் அதைத் தொடத் துணிச்சல் இல்லை. பாட்டு முடிந்த பிறகும் ஓடிக்கொண்டே இருந்தது. பெஞ்சு நகரும் சத்தம், ஒரு குழந்தையின் அழுகை, பிறகு என் காதுக்குள் நீ.

"ஏங்க, இன்னைக்கு வீட்டுக்குப் போய் உக்காந்து வெட்ட முடியுமான்னு தெரியல. ரொம்ப அசதியா இருக்கு. என் பேச்சு வந்துச்சுன்னா கோவிச்சுக்காதீங்க."

ஐயோ, என்னிடமா மன்னிப்புக் கேட்டாய்? பஸ் வந்து நின்று எல்லோரும் இறங்கிவிட்டார்கள். டிரைவர் திரும்பிப் பார்க்கும்வரை நான் அசையவில்லை.

சாயங்காலம் மகளிடம் கொடுத்தேன். கேட்டாள், அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்பா, பாட்டு, சத்தம் எல்லாத்தையும் எடுத்துட்டு அம்மா பேசறத மட்டும் தனியா வெட்டித் தரவா?" என்றாள்.

"ஒண்ணையும் வெட்டாதேம்மா" என்றேன். இந்தத் தடவை சரியாகச் சொல்லிவிட்டேன், இல்லையா?