தலையணைக்கடியில் இருந்த பூ

2004 ஆவணி 12, வியாழன்

மூடிவைத்த பேக்கரிப் பாணில் பூஞ்சணம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு பிள்ளை முன்பு வகுப்பில் கேட்டாள். காற்றில் இருக்கிறது, ஈரம் கண்டால் முளைக்கும் என்றேன்.

தம்பி இன்னும் யாழ்ப்பாணத்தில், தீவிர சிகிச்சைப் பிரிவில், சுவாச இயந்திரத்தோடு கிடக்கிறான். இப்போது நுரையீரலிலும் பங்கசு, அதுதான் பூஞ்சணம், பிடித்துவிட்டதாம். இன்று அவன் தலையணைக்கடியிலிருந்து தாதி ஒரு பூச்சரத்தை எடுத்தாள். திருநாளில் அந்தோனியார் சுரூபத்துக்குச் சாத்திய பூ. தம்பியின் மனைவி றோசா நாரந்தனையிலிருந்து கொண்டுவந்து வைத்தது. பூஞ்சணம் பிடித்திருந்தது. இதனால்தான் என்று சொல்ல முடியாது, ஆனால் இனி வேண்டாம் என்றார் டொக்டர்.

வீடு திரும்பும் வஸ்ஸில் றோசா அழுதாள். "நானே அவரைக் கொல்லப் பாத்தனான், மச்சாள்."

"காத்தில இருக்கிற பூஞ்சணம் எல்லாற்ற மூச்சுக்குள்ளயும் போகுது. எங்கட உடம்பு துரத்திப்போடும். அவனுக்கு இப்ப ஏலாது."

"பூ வைக்காட்டி அந்தோனியார் கோவிக்க மாட்டாரோ?"

"கையில குழந்தை யேசுவோட நிக்கிறவருக்கு வருத்தக்காறரைத் தெரியாதே?"

சிரித்தாள். ஆனாலும் நம்பவில்லை. மருந்து ஏறுகிறது. அவன் பிழைப்பானோ தெரியாது. பிழைக்காவிட்டால் இவள் அந்தப் பூவையே நினைத்துக்கொண்டிருப்பாள்.

இறங்கும்போது சொன்னேன்: "ஒரு துண்டுப் பாணை நனைச்சு, பூ ஒண்டும் கிட்டப் போகாமல், மூடிவைச்சு, நாலு நாளால பூஞ்சணம் வருதோ எண்டு பாரும்."