காகத்துக்குக் கட்டிய சீடி

மாம்புரி

அன்பு மகள் ஸும்ராவுக்கு வாப்பா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நம்முடைய கருவாட்டு ஸ்டோரில் நடந்த படப்பிடிப்பு அரை நாள் நின்றுபோனது. நிறுத்தியது நான்தான். உனக்கு இது தெரியும். ஆனாலும் நானே சொல்வதுதான் முறை. போனில் கதைத்தால் நம் இருவருக்கும் கோபம் முந்திக்கொள்கிறது, அதனால் எழுதுகிறேன்.

மலேசியாவில் படித்த வேலையை ஊரில் செய்ய அந்த ஸ்டோரைத் தரும்படி நீ கேட்டாய். கருவாடு வைக்கும் இடத்தில் படமா என்று மறுத்தேன். அதிலிருந்து நீ உம்மாவோடு மட்டும்தான் கதைக்கிறாய். உன்னோடு படித்த ஸஜீத் கொஞ்ச நாள் வாடகைக்குக் கேட்டபோதும், உம்மாவின் பிடிவாதத்தால்தான் கொடுத்தேன். கழுவிச் சாம்பிராணி போட்டும் வாடை போகவில்லை. நடிகர் மூக்கைப் பொத்தினார். மீனவராக நடிக்கிறவருக்கு இது நல்லதுதானே என்று ஸஜீத் சமாளித்தான். பிழைக்கத் தெரிந்த பிள்ளை.

சுவர் உயரத்துக்கு வெளிச்சத் திரை வைத்து அதில் கடலைக் காட்டினார்கள். கூப்பிடு தூரத்தில் கடல் சும்மா கிடக்க, இதற்கு ஏன் செலவு என்று கேட்டேன். வெளியே அந்திச் சூரியன் நமக்காக நிற்காது, இங்கே நிற்கும் என்றான். வியாபாரியாக எனக்கு அது விளங்கியது.

கூரையின் உட்பக்கம் சின்னச் சின்ன வெள்ளி வட்டங்கள் ஒட்டியதுதான் விளங்கவில்லை. எனக்கு மீன் காயவைக்கும் வாடிப் புத்தி. காகம் விரட்டத்தான் என்று நினைத்தேன். இது போதாதே, பிள்ளைகளுக்கு அனுபவமில்லை என்று, நம் வேலையாள் பஸ்தியானை ஏணியில் ஏற்றி, வாடியில் கருவாட்டுக்கு மேலே தொங்கவிடும் பழைய சீடிகளை இடையிடையே கட்டச் சொன்னேன். உதவி செய்த திருப்தியோடு லுஹர் தொழுகைக்குப் பள்ளிக்குப் போனேன்.

திரும்பி வந்தால் திரையில் கடல் துள்ளுகிறது, அடிவானம் சாய்கிறது. வயர், கம்ப்யூட்டர் எல்லாம் கழற்றிப் பார்த்தார்கள். விளக்குகளுக்கு மேலே இருட்டு. யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. கடைசியில் ஸஜீத் எல்லாருக்கும் கேட்க ஸ்பீக்கரில் உனக்கு போன் போட்டான். கதவடியில் நான் நின்றது உனக்குத் தெரியாது. நீ கேட்டதும் சிரித்துவிட்டாய். பிறகு சொன்னாய்: "வாப்பா மேல சீடி கட்டியிருப்பார், பாருங்க. அவருக்கு ஏசிடாதீங்க. உங்கட சாமானக் காகம் கொத்தக் கூடாதெண்டுதான் செஞ்சிருப்பார்."

சீடிகளை அவிழ்த்ததும் கடல் அடங்கியது. கமராவின் தலையில் ஒரு குட்டிக் கமரா அண்ணாந்து அந்த வட்டங்களைப் பார்க்கிறதாம். தான் நிற்கும் இடம் அதற்கு அதில்தான் தெரியுமாம். கமரா நகர, அதற்கேற்பத் திரையில் கடலும் திரும்புமாம். பள்ளி மினாராவைப் பார்த்து போட்காரர் இடம் பிடிப்பது போலத்தான். நான் செய்தது, ஊர் முழுக்கப் பொய் மினாரா கட்டிய வேலை.

மலேசியாவில், இவ்வளவு தூரத்தில் இருந்தும் என் கை எங்கே போகும் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது, மகள். உம்மாவிடம் கூட இதைச் சொல்லவில்லை.

ஸஜீத் கையில் இந்தக் கடிதத்தோடு கட்டாக் கருவாடும் வருகிறது. அல்லாஹ் உன்னைச் சுகமாக வீடு சேர்க்கட்டும்.

இனி பேச்சு இதுதான். ஸ்டோர் உனக்கு. முதல் வருடம் வாடகை இல்லை. அதன் பிறகு ஊர் விலை, மகள் என்று குறைக்கமாட்டேன். பின்னறை என் கருவாட்டுக்கு. பகல் சாப்பாடு வீட்டில். உன்னிடம் கேட்காமல் நான் ஏணியைத் தொடமாட்டேன்.

உன் வாப்பா
முத்தலிபு