நடுவிலிருந்து எடுத்த நண்டு

என் அன்பு அண்ணி,

சைனிக்புரி வீட்டுச் சமையலறையில் நீங்கள் ஒட்டிய சீட்டுகள் இன்னும் இருக்கின்றன. உப்பு டப்பாவில் 'சால்', பால் பாத்திரத்தில் 'லாக்ட்'. அண்ணன் தலையணையில் 'சோம்ன்', அதாவது தூக்கம் என்று குத்தி வைத்தீர்களே, அதை மட்டும் அவர் அன்றைக்கே கிழித்துப் போட்டார்.

அமெரிக்க டாக்டர்கள் பேசி அனுப்புவதைக் கேட்டு ரிப்போர்ட் அடிக்கும் வேலைக்கு நாம் இருவரும் ஒன்றாகத்தான் சேர்ந்தோம். அதற்காகத்தான் இந்த லத்தீன், கிரேக்க வேர்ச்சொற்கள் எல்லாம். பிறகு நான் அடிப்பேன், நீங்கள் சிவப்புப் பேனாவால் திருத்துவீர்கள். "காதுல விழலைன்னா கோடு போட்டு விடு. நீயா ஒண்ணும் அடிக்காதே, நக்கோ, வேணாம்" என்பீர்கள். நாத்தனார் ஆயிற்றே என்று ஒரு தப்பையாவது விட்டிருப்பீர்களா?

உங்கள் குடல் பயாப்ஸி ரிப்போர்ட் வந்த அன்று, அண்ணன் பாலாநகர் ஃபேக்டரியிலிருந்து பாதி நாளில் வந்துவிட்டார். "அவ தாங்கமாட்டாம்மா. நீ மாத்தி அடிச்சுக் கொடுத்துடு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். ரிப்போர்ட்டில் 'அடினோகார்சினோமா' என்று இருந்தது. சுரப்பி, நண்டு, கட்டி. புற்றுநோய்க்கு நண்டு என்று பெயர் வைத்தவனை நாம் எவ்வளவு கிண்டல் செய்திருக்கிறோம்! நடுவிலிருந்த நண்டை எடுத்துவிட்டு, ஆபத்தில்லாத கட்டியாக, 'அடினோமா' என்று அடித்தேன். அதே எழுத்து, அதே தாள். சுத்தமாக முடித்துவிட்டேன் என்று நினைத்தேன், பாவி.

நீங்கள் வாங்கிப் படித்தீர்கள். "ஹவ், ஆமா, சின்னக் கட்டிதானா? நல்லதாப் போச்சு" என்று சிரித்தீர்கள். மருந்து ஏற்றிக்கொள்ள ஆஸ்பத்திரிக்குப் போன ஏழு மாதமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உங்களுக்குத் தெரியாது என்று நாங்களும் நம்பிவிட்டோம். இதே ரிப்போர்ட்டுகளைத் தினமும் திருத்துகிறவரிடம் போய் இந்த வேலை! எவ்வளவு மடத்தனம், அண்ணி.

உங்கள் காரியங்கள் முடிந்தபின் வேர்ச்சொல் நோட்டைத் திறந்தேன். உள்ளே அந்தத் தாள். 'அடினோமா'வை நீங்கள் தொடவே இல்லை. கீழே நான் மாற்ற மறந்த 'இன்வேசிவ்' என்ற சொல்லைச் சுற்றிச் சிவப்பு வட்டம். 'இன்' என்றால் உள்ளே, 'வாடெரே' என்றால் போவது. ஓரத்தில் உங்கள் கையெழுத்து: "மேலே இருப்பது உள்ளே பரவாத கட்டி. கீழே இருப்பது பரவியது. ஒரே கட்டி இரண்டாகவும் இருக்காது. மறுபடியும் கேட்டு அடிக்கவும்."

எனக்காகத்தானே எழுதினீர்கள்? பிறகு ஏன் கொடுக்கவில்லை? அண்ணன் உடைந்துபோவார் என்றா? எல்லாம் தெரிந்தும் யாரிடமும் சொல்லி அழாமல் அந்த ஏழு மாதத்தை எப்படிக் கழித்தீர்கள்? வீடு நிறைய நாங்கள் இருந்தும் உங்களைத் தனியாக விட்டுவிட்டோம்.

இப்போது ஆபீசில் மெஷினே கேட்டு அடிக்கிறது. நான் திருத்துகிறேன். உங்கள் மகள் வித்யா பத்தாவது முடித்துவிட்டாள். நாம் தமிழில் கேட்டால் அவள் இன்னமும் தெலுங்கில்தான் பதில் சொல்கிறாள். நேற்றுக் காலை இட்லியைத் தட்டிலேயே வைத்துவிட்டு, "அத்தை, அம்மகி தெலுசா?" என்றாள். தனக்கு என்ன நோய் என்று அம்மாவுக்குத் தெரியுமா என்று.

அண்ணன் முந்திக்கொண்டார். "தெரியாதும்மா. நிம்மதியாப் போனா." அந்த நம்பிக்கையில்தான் அவர் நாலு வருஷமாகச் சாப்பிடுகிறார், தூங்குகிறார். நானும் தலையாட்டிவிட்டேன். வித்யா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். நீங்கள் அன்று ரிப்போர்ட்டைப் பார்த்த அதே பார்வை.

இந்த ஞாயிற்றுக்கிழமை இருவரையும் உட்கார வைத்து அந்தத் தாளைக் கொடுத்துவிடுவேன். இது சத்தியம். அண்ணன் திட்டலாம், என்னோடு பேசாமலே போகலாம். போகட்டும். உங்கள் பெண்ணிடமும் என்னால் பொய் அடிக்க முடியாது.

நீங்கள் கேட்டபடி அதை மறுபடியும் அடித்துவிட்டேன். எடுத்த சொல்லை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். உங்கள் நோட்டில் இருக்கிறது. ஒருமுறை பார்த்துவிடுங்கள், அண்ணி.

கோடு போட்டு விடத் தெரியாத
உங்கள் நாத்தனார்,
கல்யாணி