எனக்கு வைத்த சைகை

12-8-1971, வியாழன். கிழக்குத் தாம்பரம்.

பக்கத்து வீட்டு கிரேஸுக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. போன வருஷம் என் மகள் சுமதி அவளை "ஊமை" என்று கேலி செய்தபோது, கண்டித்துப் பழக அனுப்பியதே நான்தான். இப்போது பள்ளி விட்டதும் நேரே அங்கேதான் ஓடுகிறாள். இன்றும் மதில் ஓரம் இருவரும் கையாலேயே பேசி அப்படிச் சிரித்தார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வயிறு எரிந்தது, எழுதவே வெட்கமாக இருக்கிறது. என்னிடம் அவள் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று?

வீட்டுக்குள் வந்ததும் கேட்டேன். "அப்படி என்னடி பேசுறீங்க?"

"எல்லாருக்கும் பேருக்குப் பதிலா ஒரு சைகை வெச்சிருக்கோம்மா. அப்பாவுக்கு மூக்குக்கண்ணாடி."

"எனக்கு?"

சுமதி தயங்கினாள். பிறகு ஆள்காட்டி விரலை நிமிர்த்தி என் முகத்துக்கு நேரே ஆட்டினாள்.

கிரேஸை மதிக்கச் சொன்னதும் இதே விரலை ஆட்டித்தான்.