குளித்த தண்ணீரும் நீகாத்தா வேலையும்

ஜனவரி 11
இன்று முதல் வீட்டுப் பணப்பை என் கையில்! முப்பது வருஷமாகச் சம்பளத்தை அப்படியே மனைவி மினேகோவிடம் கொடுத்துவிட்டு, கைச்செலவுக்கு அவள் தருவதை வாங்கிக்கொண்டு போனவன் நான். கம்பெனியை மூடிவிட்டார்கள். இனி பல் ஆஸ்பத்திரியில் அவள் வாங்கும் சம்பளம்தான் எங்கள் இருவருக்கும். வீட்டில் இருப்பவரிடம்தானே பணப்பை இருக்க வேண்டும்? அவளுக்கு மாதக் கைச்செலவு பத்தாயிரம் யென் என்று அறிவித்தேன். முறைத்தாள்.

பழைய மேனேஜர் ஒகுமுரா நீகாத்தாவில் எனக்கு ஒரு கிடங்கு வேலை பார்த்து வைத்திருக்கிறார். போனால் நான் அங்கே பனியில் ஒற்றை அறையில், இவள் இங்கே ஹிமெஜியில். வருஷத்துக்கு இரண்டு தடவை பார்த்துக்கொள்ளலாம். ஐம்பத்தாறு வயதில் இது தேவையா எனக்கு?

"மார்ச் முடியற வரைக்கும் என் சம்பளத்துக்குள்ளயே வீட்டை ஓட்டிக் காட்டுங்க. சேமிப்புல கை வைக்கக் கூடாது. ஓட்டிட்டீங்கன்னா போக வேண்டாம்," என்றாள்.

முடியலைன்னா? நீகாத்தா பனிதான்.

ஜனவரி 13
கரண்ட்டில் சூடாகும் கழிப்பறை இருக்கையின் சுவிட்சை அணைத்து வைத்தேன். காலை ஆறு மணிக்கு அவள் போட்ட அலறலில் பக்கத்து வீட்டு ஹமாதா அம்மா ஓடி வந்துவிட்டார்.

ஜனவரி 14
நூறு யென் கடையில் இருக்கைக்குக் கம்பளி உறை. சமாதானம்.

ஜனவரி 22
இனி ஒரே அறைக்குத்தான் சூடு. அடியில் சூடு வரும் தாழ்மேசைக்குள் காலை நீட்டிக்கொண்டு, சாப்பாடு, பேச்சு, துணி மடிப்பு எல்லாம் அங்கேயே. இத்தனை வருஷமாக அவள் ஓர் அறை, நான் ஓர் அறை, ஆளுக்கொரு டிவி. இப்போது இரண்டு பேர் காலுக்கும் ஒரே இடம். அவள் கால் ஐஸ்கட்டி. தள்ளினால் திரும்ப வருகிறது. வரட்டுமே!

பிப்ரவரி 3
மாலை ஏழு மணி. சூப்பர் மார்க்கெட்டில் பாதி விலைச் சீட்டு ஒட்டும் நேரம். சீட்டு ஒட்டுபவர் பின்னாலேயே வாத்துக்குஞ்சு மாதிரி போனேன். போதாக்குறைக்கு, ஒட்டாத கானாங்கெளுத்தியை நீட்டி இதற்கும் ஒன்று ஒட்டுங்களேன் என்று கேட்டுவிட்டேன். கடையே திரும்பிப் பார்த்தது. ஹமாதா அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்து, "மானத்தை வாங்காதீங்க. முட்டை வாங்க வந்தவர் மாதிரி தள்ளி நில்லுங்க," என்றார். அடடா, இதற்கும் ஒரு மரியாதை இருக்கிறது! ஐந்து நிமிஷம் முட்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன். பாதி விலைக்கு இரண்டு மீன்.

பிப்ரவரி 16
சின்ன பம்ப் ஒன்று வாங்கி, நாங்கள் இருவரும் குளித்து முடித்த தொட்டித் தண்ணீரைத் துணி துவைக்கும் மெஷினுக்குள் விட்டேன். வெளியே சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதானே தொட்டியில் இறங்குகிறோம், தண்ணீர் சுத்தம்தான். குழாய் குடுகுடுவென்று ஓடுகிற அழகை நின்று பார்த்தேன். வேலையே இல்லாதவனுக்கு எத்தனை வேலை!

பிப்ரவரி 27
முள்ளங்கி இலையை வதக்கி எள்ளு தூவினேன். எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்றாள். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

மார்ச் 15
மூவாயிரம் யென் மிச்சத்தில் ஓடுகிறது வீடு. நீகாத்தாவாவது, கத்தரிக்காயாவது!

மார்ச் 24
தொலைந்தேன்.

கொண்டாட்டமாகக் குளியல் தொட்டியில் பொடி போட்டேன். கடையில் இலவசமாகக் கொடுத்தது. பச்சை நிறம், பைன் மர வாசனை. அந்தத் தண்ணீரில் துவைத்ததோடு விட்டிருக்கலாம். கடைசி அலசலாவது நல்ல தண்ணீரில் போட்டிருக்கலாம். பேராசை! அலசலுக்கும் அதையே விட்டேன். அவளுடைய வெள்ளைச் சீருடைகள் இரண்டும் வெள்ளரிக்காய் நிறம். நாளை டாக்டர் முன்னால் எதைப் போட்டுக்கொண்டு நிற்பாள்? ஏண்டா இப்படிப் பண்ணின?

பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிப்பு. மூச்சு வாங்க, கண்ணில் நீர் வழிய, அப்படி ஒரு சிரிப்பு. கடைசியில் நானும் உட்கார்ந்துவிட்டேன்.

மார்ச் 25
புதுச் சீருடைகள் நாலாயிரத்து எண்ணூறு.

மார்ச் 31
எப்படிக் கூட்டினாலும் ஆயிரத்து எண்ணூறு யென் துண்டு விழுகிறது. மேசையில் அவள் முன் கணக்கு நோட்டை வைத்தேன். தோற்றுவிட்டேன் என்று என் வாயாலேயே சொன்னேன். அவள் நோட்டைத் திறப்பதற்குள் போன் அடித்தது. ஒகுமுரா. முடிவு கேட்கத்தான். நான் கை நீட்டுமுன் அவள் எடுத்துவிட்டாள்.

"மன்னிக்கணும் சார். அவருக்கு இங்கயே வேலை இருக்கு," என்றாள். நன்றி சொன்னாள், வைத்தாள்.

எனக்குக் காது கேட்கிறதா இல்லையா என்றே சந்தேகம். அந்த நேரத்தில் என் வாயில் வந்தது என்ன தெரியுமா? ஆயிரத்து எண்ணூறு இடிக்குதே மினே, என்றேன். மடையன்!

"என் கைச்செலவுல புடிச்சுக்குங்க," என்றாள். மேசைக்கடியில் அந்த ஐஸ்கட்டிக் கால் வந்து என் கால்மேல் ஏறி உட்கார்ந்தது.

ஏப்ரல் 1
மினேகோவுக்கு ஏப்ரல் கைச்செலவு எட்டாயிரத்து இருநூறு கொடுத்தேன். பத்தாயிரமாகவே கொடுங்களேன் என்று கெஞ்சினாள். ஒரு யென் விட்டுக்கொடுக்கவில்லை.