பிளக்கில் கரி என்று சொன்னவனுக்கு

மச்சான்,

காலையிலிருந்து கை பெற்றோல் நாறுகிறது. மூன்று தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவியும் போகவில்லை. படகு எஞ்சின் இன்று மறுபடியும் இருமத் தொடங்கியது. ஸ்பானரை எடுத்ததும் உன் நினைவுதான் வந்தது. அன்பால் என்று நினைத்துவிடாதே.

கராஜ் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவன் நீ. "எனக்குத் தெரியாத எஞ்சினா?" என்பாய். கழற்றியதைப் பூட்டினால் எப்போதும் இரண்டு போல்ட் மிஞ்சும். "கம்பெனிக்காரன் கூடுதலா வெச்சீக்கான்" என்று அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வாய். உன்னை நம்பி, விக்டோரியா நீர்த்தேக்கத்தில் ஆட்களை ஏற்றிப் பிழைக்கலாம் என்று பங்குக்குப் படகு வாங்கிய என்னைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும்.

அந்த நாள் பெற்றோல் தட்டுப்பாட்டுக் காலத்தில் வந்தது. அக்கரையில் ஆட்களை இறக்கியபோது மடவளையிலிருந்து ஃபோன்: என் உம்மா மௌத்து, பின்னேரம் அஸர் தொழுகையோடு அடக்கம். நேரம் தாராளமாக இருந்தது. நடுத் தண்ணீரில் எஞ்சின் இரைந்து, தணிந்து, குலுங்கி நின்றது.

"பொறுடா மச்சான், அஞ்சே நிமிஷம்" என்றாய்.

பிளக்கைக் கழற்றித் துடைத்துப் பூட்டினாய். சற்று ஓடி நின்றது. கார்புரேட்டரைக் கழற்றினாய். அதே கதை. விசிறியில் பாசி சுற்றியிருக்கிறதா என்று தண்ணீரில் குதித்துப் பார்த்தாய். பெற்றோல் விற்றவன் மண்ணெண்ணெய் கலந்துவிட்டான் என்று அவனை ஏசினாய். துடுப்புப் போடலாம் என்று கத்தினேன். இருந்தது ஒன்றே ஒன்று. மற்றதை நீ வீட்டில் எதற்கோ முட்டுக் கொடுத்திருந்தாய். கடைசியில் பெற்றோல் டேங்க் பக்கம் குனிந்தாய். என்னை ஒருமுறை பார்த்தாய். பிறகு கயிற்றை இழுத்தாய். கரைவரை நிற்காமல் ஓடியது.

"என்னடா செஞ்சே?"

"பிளக்ல கரி புடிச்சீக்கி. என்ட பிழைதான் மச்சான்."

மையவாடிக்கு நான் வந்து சேர்ந்தபோது மண் மூடி, ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். பெற்றவளின் முகத்தை நான் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு உன்னைச் சும்மா விட்டேனா? கல்யாண வீட்டில், தேத்தண்ணிக் கடையில், பள்ளி வாசலில், "உம்மாட ஜனாஸாவ எனக்கு இல்லாமலாக்கின பெரிய மெக்கானிக்" என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தேன். நீயும் சேர்ந்து சிரித்தாய். சூடு சொரணை இல்லாத பிறவி என்று நினைத்தேன். போன மாதம் நீ மௌத்தாகி, உன் சந்தூக்கைத் தோளில் சுமந்தபோதும் அதையேதான் நினைத்தேன்.

இன்று பிளக் பளபளவென்று இருந்தது. பிறகுதான் டேங்க் மூடியைப் பார்த்தேன். காற்றுப் போவதற்கு அதன் மேலே இருக்கும் சின்னத் திருகு இறுக மூடியிருந்தது. அது மூடியிருந்தால் பெற்றோல் இழுபடாது, எஞ்சின் சற்று ஓடிவிட்டுச் செத்துவிடும். நேற்று மாலை இறுக்கியது என் கை. தட்டுப்பாட்டில் ஒரு சொட்டும் ஆவியாகக் கூடாதென்று, படகு நின்றால் போதும், இறுக்கிவிடுவேன். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. "போனாப் போகட்டும், விடுடா" என்று நீதான் ஏசுவாய். அன்று அக்கரையில் நீ சாமான் இறக்கிக்கொண்டிருந்தாய். டேங்க் பக்கத்தில் நின்றது நான். ஃபோன் வந்த அவசரத்தில் திருகைத் திறக்க மறந்ததும் நான்.

குனிந்தபோதே கண்டுவிட்டாய், இல்லையா? கண்டும் வாய் திறக்கவில்லை.

பகல் தேத்தண்ணிக் கடையில் ஒருவர், "அந்த மெக்கானிக் கதையச் சொல்லுங்களே" என்றார். சொன்னேன். திருகை இறுக்கியது நான்தான் என்று சொல்லி முடித்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. ஊருக்கெல்லாம் சொல்லிவிடலாம், மச்சான். உன்னிடம் சொல்லத்தான் இனி வழியில்லை.